ஆய்வைத் தொடங்கும் முன் எதைப் படிப்பது? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான நோக்கு நூல் வழிகாட்டி

தலைப்பு முடிவானதும் பெரும்பாலான மாணவர்கள் அதை அப்படியே கூகுளிலோ, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலோ தட்டிப் பார்க்கிறார்கள். 'புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் இயக்கம்' என்று தேடினால் சில செய்திக் கட்டுரைகளும் ஒரே தகவலைத் திரும்பச் சொல்லும் பக்கங்களும் வரும். 'இந்தத் தலைப்பில் முன்னாய்வு இல்லை' என்று அத்தோடு முடிவுகட்டி, ஆய்வு முன்மொழிவிலும் அதையே எழுதிவிடுகிறார்கள். முன்னாய்வு இருக்கிறது. ஆனால் அது 'சவானா', 'ரோடியர்', 'கெப்ளே' என்ற பழைய ஆலைப் பெயர்களில், கணிசமான பகுதி பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. சவானா பிற்காலத்தில் சுதேசி மில் ஆனது, கெப்ளே பாரதி மில் ஆனது, ரோடியர் என்று மக்கள் சொன்னதுதான் ஏ.எஃப்.டி. மில். இந்தப் பெயர்கள் கையில் இல்லாமல் எந்தத் தேடுபொறியும் உதவாது.

இப்படிப்பட்ட பெயர்களையும் ஆண்டுகளையும் ஆட்களையும் முதலில் தருபவை நோக்கு நூல்கள். கலைக்களஞ்சியம், அகராதி, மாவட்ட விவரச்சுவடி எனப்படும் கெசட்டியர், நூற்பட்டியல், மக்கள்தொகைக் கையேடு எல்லாம் இதில் அடங்கும். நூலகத்தில் ரெஃபரன்ஸ் என்று கேட்டால் காட்டுவார்கள். ஆய்விதழ்களைத் தொடும் முன் இவற்றோடு இரண்டு மூன்று முழு நாள்கள் உட்காருங்கள். பிறகு மாதக்கணக்கில் திசை தெரியாமல் தேடும் வேலை குறையும்.

முதல் வேலை: தலைப்பை உடைத்து எழுதுங்கள்

ஒரு தாளில் தலைப்பை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். கீழே நான்கு கேள்விகள்: யார் அல்லது எது, எந்த இடம், எந்தக் காலம், எந்தத் துறை. 'தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டி வட்டார முந்திரி விவசாயம்' என்ற தலைப்பில் பொருள் முந்திரி, இடம் பண்ருட்டி, காலம் 2011 டிசம்பர் 30க்குப் பிந்தையது, துறை வேளாண் பொருளாதாரம். நான்கில் ஒன்று காலியாக இருந்தால் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது என்று பொருள். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அதை நிரப்பத்தான் நோக்கு நூல்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் வேறு என்னென்ன சொற்கள் இருக்கலாம் என்று தமிழ், ஆங்கிலம், தேவையானால் பிரெஞ்சு என மூன்று பத்திகளாக எழுதத் தொடங்குங்கள். ஆரம்பத்தில் ஐந்தாறு சொற்கள்தான் வரும். நோக்கு நூல்களைப் படித்து முடிக்கும்போது இருபதுக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டும். இந்த மூன்று பத்திச் சொல்தாளே இந்தக் கட்டத்தின் விளைச்சல். குறிப்பு நோட்டைவிட இதைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்தக் கேள்விக்கு எந்த நூல்

பொது அறிமுகத்துக்குத் தமிழில் முதலில் எடுக்க வேண்டியது தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதி 1968இல். தமிழிணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் அதற்குப் பிந்தையவை, கட்டுரைகளும் விரிவானவை. சமூகவியல், வரலாறு, இலக்கியம் என்றால் வாழ்வியலும், தாவரம், மண், கடல் என்றால் அறிவியலும். புராணம், சங்க இலக்கியப் பெயர்கள் என்றால் 1910இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி இன்றும் கைகொடுக்கும். ஆனால் அதில் வரும் ஆண்டுகளையும் வரலாற்று முடிவுகளையும் அப்படியே எடுக்கக் கூடாது.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் இணைப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நூலில் அந்தச் சொல் வருகிறது என்று சுருக்கக்குறியில் தருவதால், அது அகராதியாக மட்டுமில்லாமல் மூலநூல்களுக்கான வழிகாட்டியாகவும் பயன்படும். இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. திராவிட மொழிகளுக்கிடையேயான வேர் உறவுக்கு பரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. 1984இல் வந்த இரண்டாம் பதிப்பையே பாருங்கள். லெக்சிகன், வின்சுலோ, பப்ரிசியஸ், பரோ-எமனோ ஆகிய நான்கு அகராதிகளும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசம்.

நம் வட்டாரத் தலைப்புகளுக்கு உண்மையான சுரங்கம் கெசட்டியர்கள்தான். தென்னாற்காடு மாவட்டத்துக்கு 1878இல் கார்ஸ்டின் எழுதிய மாவட்டக் கையேடு, 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர், 1962இல் பாலிகா பெயரில் வந்த கெசட்டியர் என மூன்று அடுக்கு உண்டு. மூன்றிலும் ஒரே அத்தியாயத்தை, பாசனம் என்று வைத்துக்கொள்வோம், அடுத்தடுத்துப் படித்தால் ஏறத்தாழ 85 ஆண்டு மாற்றம் ஒரே பிற்பகலில் கண்முன் வரும். புதுச்சேரிக்கு 1982இல் சிரில் ஆன்டனி பதிப்பித்த இரண்டு தொகுதி கெசட்டியர். பிரெஞ்சு ஆட்சிக்கால நிர்வாகம், நிலவரி, கல்வி, தொழிலாளர் சட்டம் எதற்கும் அதில் தொடக்கம் கிடைக்கும். ஆலைத் தொழிலாளர் தலைப்பை எடுத்தவருக்கு 1936 ஜூலை 30 துப்பாக்கிச்சூடு, பிரான்சில் அதே ஆண்டு அமைந்த மக்கள் முன்னணி அரசு, 1937இல் வந்த தொழிலாளர் ஆணை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று சேர வேண்டும். அவை சேரும்வரை ஆய்விதழ்க் கட்டுரைகளைத் திறக்காதீர்கள்.

தாவரம், பயிர் பற்றியதென்றால் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 'வெல்த் ஆஃப் இந்தியா' தொகுதிகள். அங்கே பலர் தடுமாறுவார்கள், ஏனெனில் பதிவுகள் அறிவியல் பெயரின் அகரவரிசையில் இருக்கின்றன. முந்திரியை ஆங்கிலப் பெயரில் தேடக் கூடாது. அனகார்டியம் என்ற பெயரில் முதல் தொகுதியிலேயே இருக்கும். ஆகவே எந்தத் தாவரமானாலும் அதன் அறிவியல் பெயரை முதலில் சொல்தாளில் ஏற்றுங்கள்.

கல்வெட்டுத் தலைப்புகளுக்கு, டி.வி. மகாலிங்கத்தின் இடவாரிக் கல்வெட்டுப் பட்டியலில் தென்னாற்காட்டுக்கெனத் தனித் தொகுதி உண்டு. புதுச்சேரிக்குப் பாகூர் சு. குப்புசாமி திரட்டி, கோ. விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுகள் இரண்டு பகுதிகளாக உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைத் தேடுகிறவர் ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட வகைப்படுத்திய பட்டியலிலிருந்தும், 1867 முதலான நூல்களைச் சேர்த்த தமிழ் நூல் விவர அட்டவணையிலிருந்தும் தொடங்கலாம். மக்கள்தொகை, கிராம வசதிகளுக்கு 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. கடலூர் மாவட்டம் 26,05,914 பேர், புதுச்சேரி ஒன்றியப் பகுதி 12,47,953 பேர் என்ற மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல் ஊர்வாரி அட்டவணைக்குள் இறங்குங்கள்.

எங்கே போவது

புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. பொது நூலகம் என்பதால் நுழைவதற்குத் தயக்கம் வேண்டாம். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகம். செயின்ட் லூயி தெருவில் 1955இல் அமைந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், துய்மா தெருவில் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் மையம். இந்தவியல், கோயில், சைவ ஆகமம், சூழலியல், புவியியல் ஆய்வாளர்களுக்கு இந்த இரண்டும் தவிர்க்க முடியாதவை. பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சுவடி மூலச் சான்று; அதற்கு முன் அங்குள்ள அச்சுப் பட்டியலைப் பாருங்கள். இலாசுப்பேட்டையில் புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம், மொழியியல் மாணவர்களுக்கு.

கடலூர்ப் பக்கம் மாவட்ட மைய நூலகம் பொது நோக்கு நூல்களுக்குப் போதும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சர் சி.பி. ராமசாமி ஐயர் நூலகம், 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தினுடையது. பழைய கெசட்டியர், பழைய கலைக்களஞ்சியப் பதிப்பு என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள். விருத்தாசலம், நெய்வேலி மாணவர்களுக்கும் சென்னையைவிடச் சிதம்பரம் பக்கம்.

உறுப்பினர் அல்லாத நூலகத்துக்குப் போகும்போது கல்லூரி அடையாள அட்டை, நெறியாளரின் கையெழுத்துள்ள கடிதம் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். முதல் நாளே தொலைபேசியில் நேரத்தையும் படியெடுக்கும் விதியையும் கேட்டுவிடுங்கள். நோக்கு நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கும் நேரத்தோடு போக வேண்டும்.

அலமாரியில் கண்டுபிடிப்பது

நூலகக் கணினிப் பட்டியலில் உங்கள் தலைப்பை முழுதாகத் தட்டினால் ஒன்றும் வராது. நோக்கு நூல் உங்கள் தலைப்பைவிட அகலமானது. பொருளின் பெரிய பெயரோடு 'களஞ்சியம்', 'அகராதி', 'கையேடு', 'நூற்பட்டியல்', 'கெசட்டியர்' என்ற சொற்களில் ஒன்றைச் சேர்த்துத் தேடுங்கள், ஆங்கிலத்திலும் அதேபோல். பயனுள்ள ஒரு நூல் கிடைத்ததும் அதன் பதிவைத் திறந்து பொருள்தலைப்பு என்ற வரியை அழுத்தினால், ஒரே வகை நூல்கள் எல்லாம் வரிசையாக வரும். இது தெரியாமல் பல மாணவர்கள் தலைப்புத் தேடலோடு நின்றுவிடுகிறார்கள்.

தமிழ் நூல்களின் பதிவு சில நூலகங்களில் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து ஏற்றப்பட்டிருக்கும். ழகரத்தை ஒரு பட்டியல் 'இசட், எச்' என்றும் இன்னொன்று வெறும் 'எல்' என்றும் எழுதும். ஒரு வழியில் வரவில்லை என்றால் மற்றொன்று, பிறகு தமிழ் எழுத்து. மூன்றும் தோற்ற பிறகே 'இல்லை' என்று நம்புங்கள்.

நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கும் எண் முறை நூலகத்துக்கு நூலகம் மாறும். டூயி முறையில் பொதுக் களஞ்சியங்கள் 030இல், நூற்பட்டியல்கள் 011 முதல் 016க்குள், தமிழ்மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்நாட்டு வரலாறு 954.82. எண்ணுக்கு முன் 'ஆர்' இருந்தால் நோக்குப் பிரிவு. பொது நூலகங்கள் பலவற்றில் காணும் கோலன் முறை, கொள்ளிடத்துக்கு அக்கரையில் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் உருவாக்கியது. அதில் வரலாறு 'வி', இலக்கியம் 'ஓ', தமிழ் 31, இந்தியா 44. எண்ணோடு சிறிய 'ஏ' ஒட்டியிருந்தால் நூற்பட்டியல், சிறிய 'கே' என்றால் களஞ்சியம். இந்த இரண்டு எழுத்தை மட்டும் மனத்தில் வைத்தால், எந்தத் துறை அலமாரியிலும் முதல் சில நூல்களுக்குள் தொடக்கப் புள்ளி கிடைத்துவிடும்.

நூலகரிடம் கேட்கும் விதம் முக்கியம். 'புதுச்சேரி பற்றிப் புத்தகம் இருக்கா சார்?' என்றால் சுற்றுலாக் கையேட்டைக் காட்டுவார். 'பிரெஞ்சு ஆட்சியில் ஆலைத் தொழிலாளர் பற்றி பிஎச்.டி. பண்றேன் மேடம், 1930கள். முதலில் கெசட்டியரும் ஏதாவது நூற்பட்டியலும் பார்க்கணும்' என்று கேளுங்கள். துறை, காலம், எந்தக் கட்டம், என்ன வகை நூல் என்ற நான்கையும் சொன்னால் அவருடைய அனுபவம் முழுவதும் உங்களுக்கு வேலை செய்யும்.

ஒரு பதிவைப் படிக்கும் முறை

தொகுதியை எடுத்ததும் கட்டுரைக்குள் பாயாதீர்கள். முதலில் பதிப்பு ஆண்டு. அடுத்து, பொருள் அகரவரிசை இருந்தால் அது. உங்கள் தலைப்புக்குத் தனிப் பதிவு இல்லாமல் நான்கு வேறு பதிவுகளுக்குள் சிதறிக் கிடக்கலாம். இம்பீரியல் கெசட்டியரில் தென்னாற்காட்டைத் 'தெற்கு' என்ற சொல்லின்கீழ் தேடினால் கிடைக்காது. 'ஆர்க்காடு, தெற்கு' என்று ஐந்தாம் தொகுதியின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது.

கட்டுரையை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை பேனாவைத் தொடாமல். இரண்டாம் முறை ஐந்து வகைச் செய்திகளை மட்டும் எடுங்கள்: ஆட்பெயர், இடப்பெயர், ஆண்டு, துறைச் சொல், கட்டுரையின் கடைசியில் உள்ள நூற்பட்டியல். வாக்கியங்களைப் பார்த்தெழுத வேண்டாம். அது பின்னால் உங்கள் ஆய்வேட்டுக்குள் தெரியாமல் நுழைந்து, எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளில் மாட்டும். கட்டுரையின்கீழ் எழுதியவரின் பெயரோ பெயர்ச்சுருக்கமோ இருந்தால், தொகுதியின் கட்டுரையாளர் பட்டியலில் அவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தத் துறையில் முக்கிய நூல் எழுதியவராக இருப்பார். 'காண்க' என்று வேறு பதிவுக்கு அனுப்பினால் அன்றே போய்ப் பாருங்கள். நாளைக்கு என்று வைத்தால் விட்டுப்போகும்.

ஒரு தலைப்புக்கு நான்கு முதல் ஆறு பதிவுகள், குறைந்தது இரண்டு வேறு களஞ்சியங்களிலிருந்து, போதும்.

சறுக்கும் இடங்கள்

பெயர் முதல் சறுக்கல். 2006க்கு முந்தைய ஆங்கில நூல்களில் புதுச்சேரி 'பாண்டிச்சேரி'தான். ஆங்கில எழுத்தில் அதற்கு 'ஆர்' இரண்டு. பிரெஞ்சில் ஒன்றே ஒன்று. பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் இரட்டை 'ஆர்' போட்டுத் தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர்கள் உண்டு. கடலூரும் அப்படியே. மாவட்டப் பெயராக அது 1993க்குப் பிறகுதான்; அதற்கு முந்தைய எல்லாமே தென்னாற்காடு. பழைய எழுத்துக்கூட்டல்கள் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இரண்டு ஊர்களுக்கும் பதிவு இருக்கிறது. வெவ்வேறு நூற்றாண்டு மேற்கோள்களோடு தருவதால், அங்கேயே ஐந்தாறு வடிவங்களைப் பொறுக்கலாம்.

எல்லை இரண்டாவது, இதுதான் ஆய்வேடுகளில் அதிகச் சேதம் செய்வது. 1906 கெசட்டியரின் தென்னாற்காட்டில் விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சி மட்டுமல்ல, திருவண்ணாமலையும் அடக்கம். அந்த மாவட்ட எண்ணை 2011 கடலூர் மாவட்ட எண்ணோடு ஒப்பிட்டு 'மக்கள்தொகை குறைந்தது' என்று எழுதினால் அந்த அத்தியாயமே தவறு. ஒப்பிட வேண்டுமென்றால் வட்ட அளவில் இறங்கி, அந்த வட்டத்தின் எல்லையும் மாறியதா என்று பார்க்க வேண்டும். 'பிரெஞ்சிந்தியா' என்று வரும் புள்ளிவிவரத்தில் காரைக்கால், மாகி, ஏனாமோடு, பின்னர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்த சந்தன்நகரும் இருக்கும்.

தேதி மூன்றாவது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது ஒரு நூலில் 1954, இன்னொன்றில் 1962. இரண்டும் சரி: 1954 நவம்பர் 1 நடைமுறை மாற்றம், 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படியான மாற்றம். இப்படி முரண்பாடு தெரிந்தால் ஒன்றை அடித்துவிடாமல், இரண்டையும் எழுதி 'ஏன்' என்று பக்கத்தில் போடுங்கள். பல நேரம் ஆய்வுக் கேள்வியே அங்கிருந்து பிறக்கும். வருவாய் ஆவணங்களின் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1435 என்பது 2025 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரை; ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிகளுக்கு 591 கூட்ட வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும், சித்திரையில் தொடங்கும். பவ வருடம் தை மாதம் என்றால் அது 1935 தொடக்கம், 1934 அல்ல. 1875 தொடக்கமாகவும் இருக்கலாம். சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, நூல் எழுதப்பட்ட காலம். அரிக்கமேட்டை வீலர் 1945இல் அகழ்ந்தார். அதை ரோமானிய வணிகத் தலமாகக் கண்ட அவருடைய பார்வையே 1950களின் நூல்களில் நிற்கிறது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மீண்டும் அகழ்ந்த பிறகு, ரோமானியத் தொடர்புக்கு முன்பே அங்கு குடியிருப்பு இருந்தது தெளிவானது. பழைய களஞ்சியத்தை மட்டும் படித்தவர் தள்ளப்பட்ட முடிவிலிருந்து ஆய்வைத் தொடங்குவார். அதனால் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூல நூலின் ஆண்டை எழுதுங்கள்.

ஐந்தாவது, மூன்று நூல்கள் ஒரே தகவலைச் சொல்வதாலேயே அது உறுதியாகிவிடாது. 1962 கெசட்டியர் 1906இலிருந்து எடுத்திருக்கும், அதற்குப் பின் வந்த நூல் 1962இலிருந்து. சொல்லமைப்பு அச்சாக ஒத்திருந்தால் சாட்சி ஒன்றுதான்.

விக்கிப்பீடியாவும் உரையாடு செயலிகளும்

விக்கிப்பீடியாவைத் தடை செய்வதில் பொருளில்லை. கட்டுரையை வேகமாகப் படித்துப் பெயர்களைச் சொல்தாளில் ஏற்றுங்கள்; கீழேயுள்ள மேற்கோள் பட்டியலிலிருந்து அச்சு நூல்களை எடுங்கள். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்று பதிப்பையும் பாருங்கள். அவை ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றொன்று அல்ல. செயற்கை நுண்ணறிவுச் செயலி மாற்றுச் சொற்களை யோசிக்க உதவும். நூற்பட்டியல் கேட்டால், இல்லாத நூலை உண்மையான ஆசிரியர் பெயரோடு தரும். அது சொன்ன ஒவ்வொரு நூலையும் ஏதாவது ஒரு நூலகப் பட்டியலில் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

அடுத்த படிக்குத் தாண்டுவது

புதிதாக எடுத்த பதிவில் சொல்தாளில் ஏற்ற எதுவுமே இல்லை, நூற்பட்டியலில் அதே நான்கைந்து பெயர்கள் திரும்பி வருகின்றன என்றால் நிறுத்துங்கள். திரும்பி வந்த அந்தப் பெயர்களே நீங்கள் முழுதாகப் படிக்க வேண்டிய முதல் நூல்கள். இப்போது ஷோத்கங்காவுக்குள் சொல்தாளோடு போங்கள். அங்கே கிடைக்கும் ஆய்வேட்டில் முன்னாய்வு மதிப்பீடு இடம்பெறும் அத்தியாயத்தை முதலில் திறங்கள். அரசுக் கல்வி நிறுவன மாணவர்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' வழியாக ஆய்விதழ்களைத் தங்கள் கல்லூரிக் கணக்கிலேயே பார்க்கலாம். பிரெஞ்சு ஆவணப் பக்கம் போகிறவர்களுக்கு எத்மோன் கொதார் 1922 முதல் தொகுத்த பழைய பிரெஞ்சிந்திய ஆவணப் பட்டியல் அடுத்த வாசல்.

மேற்கோளில் ஒரு நடைமுறை. பொதுவாகத் தெரிந்த தகவலுக்குக் களஞ்சியத்தை அடிக்குறிப்பாகப் போட வேண்டாம். அந்தக் களஞ்சியம் காட்டிய நூலுக்கே போய் அதைப் போடுங்கள். எழுதியவர் பெயருள்ள கட்டுரையின் கருத்தை எடுத்து விவாதிக்கிறீர்கள் என்றால் ஆசிரியர், பதிவின் தலைப்பு, களஞ்சியத்தின் பெயர், தொகுதி எண், பதிப்பகம், ஆண்டு, பக்கம் என்ற வரிசையில் முழுதாகக் கொடுங்கள். கெசட்டியருக்கு ஆண்டு கட்டாயம். 'தென்னாற்காடு கெசட்டியர்' என்று மட்டும் எழுதினால் 1906ஆ 1962ஆ என்று நேர்காணலில் கேட்பார்கள். இந்த விவரத்தை நூல் கையில் இருக்கும்போதே, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க எண்ணுக்காகச் சிதம்பரத்துக்கு மீண்டும் பேருந்து ஏற வேண்டியிருக்காது.